வலை போட்டவர் பெயர்

ஆற்று மீன் ஆராய்ச்சி, ஆற்றில் தண்ணீர் உள்ள ஊர்க்காரர்களுக்குச் சுலபமான வேலை. எனக்கு நடந்த அநியாயங்களை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். முதலாவது, எண்பதுகளின் நடுவில் என்னைக் குண்டாற்றுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது, அனுப்பியது சித்திரையில். மூன்றாவது, வலை கொடுத்தார்கள், வண்டி கொடுக்கவில்லை. நான்காவது, பத்து வருடம் உழைத்தும் கடைசிவரை 'தற்காலிகம்'. மேலிடத்துக்கு மனுப்போட்டே கை தேய்ந்த வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

சுடும் ஆறு

தோளில் வலை, கையில் மீன் போடும் பாட்டில்களோடு வீரசோழன் போகும் பஸ்ஸில் ஏறினேன். துண்டுப் பிரசுரம் படித்தே அறிவு வளர்த்தவன் நான். கண்டக்டருக்கும் மீன்வளத்தைப் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

"ஆத்துல இறங்குறப்ப செருப்பை மட்டும் கழட்டிராதீக சார், மணல் கொதிக்கும்."

காரணம்

முதல் மாத அறிக்கையில் 'மீன் இல்லை. தண்ணீர் இல்லை' என்று உண்மையை எழுதினேன். மீன் இல்லாததற்குக் காரணம் கேட்டு மெமோ வந்தது. நேரில் போய்ச் சண்டை போட்டேன். மேலாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:

"தண்ணி இல்லைங்கிறது நிலைமைய்யா. நான் கேட்டது காரணம்."

தண்டம் வேண்டாம்

திருச்சுழிக்குக் கீழே பாலத்தடியில் ஒரு மடு மட்டும் வற்றாமல் கிடந்தது. விராலும் கெளுத்தியும் அயிரையும் கோடையில் அதில்தான் உயிர் பிழைத்தன. ஐப்பசியில் ஆறு வந்தால் அவைதான் விதை. அதையும் வலையால் அரித்துவிட்டால் வெள்ளம் வெறும் தண்ணீராகத்தான் போகும். அருப்புக்கோட்டையில் நோட்டீஸ் அடித்து வந்து, மடுவை ஒட்டிய ஊரில் வீடு வீடாகக் கொடுத்தேன். ஊர் கூடியது. மழை வரும்வரை மடுவில் வலை போடுகிறவருக்குத் தண்டம் என்று நான் எழுதப்போனபோது, பருத்தி எடுக்கும் பெண்களுக்குத் தலைவியான முத்துமாரி குறுக்கே விழுந்தார். தண்டம் வேண்டாம், சாட்சிகள் முன்னால் பெயரை வாசித்தால் போதும் என்றார். ஏன் என்று கேட்டேன்.

"தண்டத்தைக் கட்டிட்டு மறுநாளும் வலை வீசுவாக அண்ணே. பேரை வாசிச்சா அந்த வீட்டுக்கு எவனும் பொண்ணு குடுக்க மாட்டான்."

தண்டத்தை அடித்துவிட்டு, ஊர் கூட்டத்தில் ஐந்து சாட்சிகள் முன்னால் பெயர் வாசிக்கப்படும் என்று தீர்மானத்தை என் கையாலேயே எழுதினேன்.

வலைக்குத் தெரியாது

அடுத்த மாதமே, மடுவில் எத்தனை விரால் என்று ஆபீஸ் கேட்டது. ஒரு மத்தியானம் வீச்சு வலையைப் போட்டேன். ஏழு சிக்கின. நீளம் அளந்து திரும்ப விட்டேன். நிமிர்ந்தால் கரையில் இரண்டு பேர், தோளில் வலையோடு. "அவரு வீசலாம், நாங்க வீசக் கூடாதோ?" என்று ஒருவன் கேட்டுக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினான்.

முத்துமாரி ஓடிவந்து, சாயங்காலமே ஊரைக் கூட்டுவதாகவும் அது முடியும்வரை பொறுக்கும்படியும் சொல்லி அவர்களை நிறுத்தினார். இது ஆராய்ச்சி என்று அவரிடம் அரைமணி நேரம் வாதாடினேன். எத்தனை அதிகாரிகளை வாயடைக்க வைத்த வாய்!

"ஆராய்ச்சின்னு வலைக்குத் தெரியுமா அண்ணே?"

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. எனக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தால் மறுநாள் இருபது வலை இறங்கியிருக்கும். கொடுக்காததால் மடு ஐப்பசிவரை தப்பியது. அந்த இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் வலையைச் சுருட்டினார்கள்.

மேடையேறி எத்தனையோ பேரைப் பெயர் சொல்லி நாறடித்த நான், என் கையால் எழுதிய தீர்மானத்தின்படி, ஐந்து சாட்சிகள் முன்னால் எழுந்து நின்று முத்துமாரியின் குரலில் கேட்டது என் பெயரைத்தான்: "எம்.ரெட்டியபட்டி வெங்கடசாமி மகன் சீனிச்சாமி!"