காப்புக் கட்டிய நாளில் ஒரு பரீட்சை

எங்கள் அக்கா தமயந்தியைப் பற்றித் தெருவில் கேட்டால், "எம்.காம். படிச்சா, முடிக்கல" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படிப்பு ஏறாமல் பாதியில் விட்டவள் மாதிரி அல்லவா இருக்கிறது அந்தப் பேச்சு? விட்டுப்போனது ஒரே ஒரு பேப்பர். அதையும் அவளாக விடவில்லை. நாங்களெல்லாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அது அவள் கையைவிட்டுப் போனது.

திருத்தணியில் எங்கள் வீட்டில் இரண்டு விசைத்தறி. நைனா சிங்காரம் காலையில் தறியை ஓட விட்டால் இருட்டும்வரை பக்கத்தில் நின்று கத்தினாலும் அவருக்குக் கேட்காது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே அக்கா பி.காம். முடித்தாள். பிறகு மெட்ராசில் எம்.காம். தினமும் ரயிலில் போய்வந்தாள். கம்பெனிப் பங்குகள், கடன் பத்திரங்கள், அவை கைமாறும் சந்தை, இதுதான் அவள் விரும்பி எடுத்த பாடம். "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு சந்தைப் படிப்பு?" என்று கேட்டவர்களுக்கு நைனாதான் பதில் சொல்வார்.

"கம்பெனிய துண்டு துண்டா வித்துகினு கீறானுங்க. அது தெனம் ஏறுது, எறங்குது. ஏன் ஏறுதுன்னு எம் பொண்ணு படிக்கிறா."

அவருக்கு அதற்கு மேல் தெரியாது. ஆனாலும் ராத்திரி சாப்பாட்டின்போது "இன்னிக்கு ஏறிச்சா?" என்று கேட்காமல் கை கழுவமாட்டார். எங்களிடம் ஒரு பங்குகூடக் கிடையாது. கேட்பதில் அவருக்கு ஒரு பெருமை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை அசலார் இல்லை, சொந்தம்தான். ஆந்திரா எல்லைக்குள் இருக்கும் நகரியில் வாழ்க்கைப்பட்ட கன்னியம்மாள் அத்தை நைனாவுக்குக் கூடப்பிறந்த அக்கா. அத்தை மகன் ஆதிகேசவன் எனக்கு அத்தான் முறை, சின்ன வயசிலிருந்தே 'பாவா' என்றுதான் கூப்பிடுவேன். பரீட்சையெல்லாம் சித்திரையோடு முடிந்துவிடும் என்று நம்பி, ஆனியின் கடைசி முகூர்த்தத்தைக் குறித்தார்கள். எண்பத்து நாலாம் வருஷம் அது. அந்த வருஷம் பார்த்துப் பரீட்சை தள்ளித் தள்ளிப் போனது. புதுத் தேதி வந்தபோது கடைசிப் பேப்பர், அதுவும் அவள் உயிராய்ப் படித்த அந்தப் பங்குச் சந்தைப் பேப்பர், கல்யாணத்தன்று மத்தியானம் இரண்டு மணிக்கு என்று இருந்தது. ஊரெல்லாம் பத்திரிகை வைத்தாயிற்று. வைத்த பத்திரிகையை மாற்றுவதா? அதைப் பேசவே எல்லோருக்கும் பயம்.

"அழாதம்மா," என்றார் நைனா. "ஆறரைக்குத் தாலி. ஒம்போதரைக்கு வண்டி. ரெண்டு மணிக்கு நீ அங்க பேனாவத் தொறந்துகினு இருப்ப. நானே கூட்டினு போறேன்."

அவள் நம்பினாள். நானும் நம்பினேன். முந்தின நாள் மருதாணி வைத்த கையோடு அவள் பாடத்தை ஒப்பிக்க, நான்தான் பக்கம் புரட்டிக் கொடுத்தேன்.

மலையடிவாரத்து மண்டபத்தில் தாலி நேரத்துக்கு ஏறியது. அக்கா உள்ளே போய்ப் பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு சாதாரணப் புடவையில் வந்தாள். வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார்.

"எங்கடி கௌம்பிட்ட? காப்பு கட்டின கையோட ஊர் எல்லைய தாண்டுவியா?"

ரயில் நேரம், பஸ் நேரம் எல்லாம் பார்த்துவைத்த எங்களில் ஒருவருக்கும் அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் கயிறு நினைவுக்கு வரவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் அதை அவிழ்ப்பார்கள். அதுவரை வெளியூர் ஆகாது.

"ரயில்ல போயி ரயில்லயே வரப்போறா, அக்கா," என்றார் நைனா.

"எம் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா நீ பதில் சொல்லுவியா, சிங்காரம்?"

 நைனா ஐயரைப் பார்த்தார். "பெரியவங்க சொன்னா சரிங்க," என்று அவர் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். நான் பாவாவைப் பார்த்தேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார் அந்த மனிதர்? கடைசியில், "அம்மா சொல்றாங்களே. அடுத்த தபா எழுதிக்கலாம்," என்றார். அந்த அடுத்த தடவை வந்தபோது அக்காவுக்கு மசக்கை, அதற்கடுத்த தடவை கைக்குழந்தை. அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

 அக்கா திரும்பிப்போய்ப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டு மணி அடித்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பொண்ணு பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அழ அழ இங்கே வைத்திருந்தால் வம்பு என்று நினைத்தாரோ என்னவோ, மறுநாள் காலை அழைத்துப்போவதாக இருந்த அத்தை அன்றைக்கே வண்டி கொண்டுவரச் சொன்னார். காப்போடு மெட்ராசுக்குப் போகக் கூடாதாம். ஆந்திராவுக்குப் போகலாமாம். அது புகுந்த வீடாம். என்ன நியாயமோ.

வண்டியில் ஏறும்போது அக்கா கேட்டாள்: "நைனா எங்கடி, வள்ளி?"

எங்களுக்குத் தெரியவில்லை. பந்தி தொடங்கியதிலிருந்தே அவரைக் காணோம். அம்மா மண்டபம் முழுக்கத் தேடினாள். நல்ல நேரம் போகிறது என்று அத்தை அவசரப்படுத்தினார். வண்டி கிளம்பிவிட்டது.

விளக்கு வைத்து வெகு நேரமான பிறகு நைனா வந்தார். கல்யாண வேட்டி அழுக்காகி, கையில் ஒரு தாளோடு நின்றார். அவளுடைய ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு, அவள் போகவேண்டிய அதே ஒன்பதரை ரயிலில் மெட்ராசுக்குப் போயிருக்கிறார் மனுஷர்.

"பரீட்ச வெக்கறவங்களாண்ட மூணு நாள் தவணை கேட்டேன், வள்ளி. தறில பொடவ முடியலன்னா முதலாளி தவணை குடுக்கறதில்லையா? நல்ல மாதிரிதான் பேசினாங்க. டீ கூட வாங்கிக் குடுத்தாங்க. பொண்ணு வந்தாத்தான் எழுத முடியும்னுட்டாங்க. பரீட்ச முடியறவரிக்கும் காலேஜி கேட்டாண்டையே நின்னுகினு இருந்தேன். எழுதிட்டு வந்த புள்ள ஒண்ணு இந்தக் கேள்வித்தாள குடுத்துது. அவள கூப்புடு, காட்டலாம்."

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

"நாலு மணிக்கே கூட்டினு பூட்டாங்க, நைனா."

 அவர் தாளை என்னிடம் நீட்டினார். "படி."

பத்தாவதோடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி இங்கிலீஷில் முதல் கேள்வியைப் படித்தேன்.

"இது அவளுக்குத் தெரியுமா?"

"ஆங். தெரியும், நைனா."

அடுத்ததைப் படித்தேன். அதற்கும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். கடைசிக் கேள்விவரை அப்படியே சொன்னேன். அதில் ஒன்றுகூட எனக்குப் புரியவில்லை.