ஐந்துக்கு நேரே வைத்த புள்ளி

ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்து மேற்பார்வையாளருக்குப் புள்ளியக்கா என்று பேர். யார் என்ன வேலை செய்தாலும் கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி வைத்துவிடுவாள். கெட்டிக்காரிதான், ஆனால் சரியான சந்தேகப் பிராணி. தன் கைக்கடிகாரத்தைக்கூடச் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் நம்புவாள்.

தினமும் ஆயிரத்து இருநூறு படுக்கை விரிப்புகளை மடித்தாக வேண்டும். இரண்டு பேர் மடித்தால் பன்னிரண்டு மணி நேரம். நாலு பேர் என்றால் ஆறு. ஆறு பேர் என்றால் நாலு. ஆளையும் நேரத்தையும் பெருக்கினால் எப்போதும் இருபத்துநாலு. அந்தப் புள்ளிகளை இணைத்து, ஆள் ஏற ஏறச் சரியும் வளைகோடு ஒன்றை வரைந்து சுவரில் ஒட்டியிருந்தாள். அதுதான் அவளுக்கு வேதவாக்கு.

நாலு பேர் இருந்த கூடத்துக்கு ஐந்தாவதாக ஒருத்தியை மேனேஜர் அனுப்பினார். மூன்று நாள் சோதனை. தேறினால் வேலை, இல்லாவிட்டால் வீடு. கோட்டின்படி ஐந்து பேருக்கு ஐந்து மணி நேரம்கூடப் பிடிக்கக் கூடாது. ஆனால் முதல் நாள் ஆறு மணி நேரம் ஆனது. மறுநாளும் அதே ஆறு!

புள்ளியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோடு பொய் சொல்லுமா? இவள்தான் ஓபி அடிக்கிறாள்! தள்ளுவண்டிக்குப் பின்னால் மறைந்து நின்று பார்த்தாள். புதியவள் ஒரு விரிப்போடு தனியாக மல்லுக்கட்டுகிறாள். அது தரையைத் தொட, மறுபடி துவைக்கப் போகிறது. ‘அடி கள்ளி, நடிப்பா?’ மற்ற நாலு பேரும் அவளைக் கண்டுகொள்ளாமல் தங்கள் விரிப்புகளையே மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேலும் சந்தேகம் விழுந்தது. மாலையே ‘ஆள் தேவையில்லை’ என்று மேனேஜருக்கு எழுதி அனுப்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் புதியவளைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ வர்றதுக்கு முன்னாடியும் ஆறு மணி நேரம், வந்த பின்னாடியும் ஆறு மணி நேரம். ரெண்டு நாளா இங்க என்னதாம்மா கிழிச்சே?”

புதியவள் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளை அவள் கையில் திணித்தாள். “கொஞ்சம் பிடிங்கக்கா.”

இழுத்து, உதறி, சேர்த்தார்கள். ஒரு நொடியில் மடிந்துவிட்டது.

“தரையில படக் கூடாதுன்னு சட்டம். அவங்க நாலு பேரும் ரெண்டு ரெண்டா நிக்கிறாங்க. நான் யாரோட மடிக்கிறது?”

புள்ளியக்கா சுவரைப் பார்த்தாள். ஒருத்தி லீவு போட்டால் அவள் ஜோடியை இஸ்திரி அறைக்கு அனுப்புவது இந்தக் கூடத்து வழக்கம். மூன்று பேரோ ஐந்து பேரோ இங்கே மடித்ததே இல்லை. புள்ளியே இல்லாத அந்த இடங்களிலும் கோட்டை இழுத்தது அவள் கைதான். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. மேனேஜர் அறைக்கு ஓடினாள்.

“சார், அந்தப் பொண்ணை நிறுத்திடாதீங்க. நான் எழுதினது தப்பு.”

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நேத்து வேண்டாம்னே, இன்னிக்கு வேணும்கிறே. என்ன விஷயம்? உனக்குச் சொந்தமா அவ?”

சந்தேகப்படுபவர் முன்னால் நிற்பது எப்படியிருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“இல்ல சார். இனிமே அவகூட நான் மடிக்கிறேன்.”