வியாழக்கிழமை கிள்ளான் பஸ்

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பது என் பிறவிக் குணம். எண்பதுகளில் அதற்குச் சம்பளம் கொடுத்து வேலைக்கும் வைத்தார்கள். போக்குவரத்துக் கணக்கெடுப்பு. நேற்று யார் எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எங்கே, எதற்கு, எதில் போனார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் படிவத்தில் எழுத வேண்டும். ரோட்டில் நின்று வண்டிகளை எண்ணினால் போதாதா என்று மேலதிகாரியிடம் கேட்டேன். பஸ் எப்போது நிரம்பும் என்று தெரிய, வீட்டுக்குள் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று முதலில் தெரிய வேண்டும் என்றார். அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

தலைநகரில் தமிழர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்சில் வீட்டுக்காரரே எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவார். மனைவி எங்கே போனார் என்றால், "அது வீட்டுலதான் இருக்கும்லா" என்பார். அதை நம்பினால் அந்தத் தெருப் பெண்கள் காய்கறி வாங்கப் பாசாருக்குக்கூடப் போவதில்லை. நானும் பெண்தானே, ஆகவே தண்ணீர் கேட்கிற சாக்கில் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டிலும் அப்படித்தான் போனேன். அவர் மனைவி ஹாலை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். தான் வியாழக்கிழமைதோறும் கோயிலுக்கென்று கணவரிடம் சொல்லிக் கிளம்பி, மதிய பஸ்ஸில் கிள்ளானுக்குப் போகிறாராம். அங்கே மகள் இருக்கிறாள். தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அப்பா அவள் பேச்சையே எடுப்பதில்லை. ஆர்வத்தில் எல்லாவற்றையும் பேனாவால் எழுதிவிட்டேன்.

பிறகுதான் படிவத்தின் கடைசி வரி கண்ணில் பட்டது. வீட்டுத் தலைவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. மற்ற வீடுகளில் பாசாரும் பக்கத்து வீடும்தான் இருக்கும், யாரும் கவலைப்படவில்லை. இங்கே ஒரு அம்மாவின் குட்டை நானே உடைக்கப் போகிறேன். என்மேல் எனக்கே கோபம் வந்தது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றார். கணவர் என் பேனாவை வாங்கி ஒரு இடத்தில் அடித்துத் திருத்தினார்.

"ஒரு மணி பஸ்னு எழுதியிருக்கம்மா. அந்த பஸ்காரன் ஒன்னே காலுக்குத்தான் வருவான். அது வரைக்கும் இந்த அம்மா வெயில்லதான் நிக்குது. அங்க ஒரு கூரை போடச் சொல்லு."

கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். மனைவி பக்கம் திரும்பவில்லை.

"அப்ப அடுத்த வாரம் ரெண்டு டிக்கெட் எடுக்கவா?" என்று அம்மா கேட்டார்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஒரு மணிக்கே போய் நிக்க வேணாம்" என்றார்.