சரிவில் பழகிய பந்து

பன்வில மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் யாகப்பர்தான் 1934இல் தோட்டத்துப் பையன்களுக்குக் கால்பந்து பழக்கினார். பழக்குவது என்றால், வேலை முடிந்து வந்து நடுவில் பந்தைப் போட்டு, இருட்டும்வரை விளையாட விடுவது. தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குக் கீழே இருந்த அந்த மைதானம் ஒரே சரிவு. கோல் கம்பமும் ஒரு முனையில்தான். அதைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் பள்ளம். அங்கே உருண்ட பந்தை ஓடையிலிருந்து தூக்கிவருவதிலேயே பாதிப் பொழுது போய்விடும்.

போன வருடம் கண்டியில், மாதா கோயில் திருநாள் ஆட்டத்தில், பட்டணத்துப் பையன்கள் அவர்களைத் துவைத்து எடுத்துவிட்டார்கள். இந்த முறையும் அப்படியே என்றால் இனி அழைப்பதில்லை என்று ஆட்டத்தை நடத்துகிறவர்கள் சொல்லியனுப்பினார்கள். அன்றிரவு யாகப்பர் சோற்றை வெறுமனே பிசைந்துகொண்டிருந்தார்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி மதலேனா மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, போன வருசம் நம்ம லயத்துப் பையன் பற்றிக் வலப்பக்கமே நின்னான். கடைசிவரைக்கும் ஒருத்தனும் அவனுக்குப் பந்து குடுக்கல."

சோறு பிசைந்த கை அப்படியே நின்றது. கண்டியின் சமதரையிலும் பையன்களின் கால் பள்ளத்துக்குப் பயந்திருக்கிறது.

மறுநாள், பறித்த கொழுந்தைக் கங்காணியிடம் எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்களை மைதானத்தின் கீழ் ஓரத்தில், காலடியில் கூடைகளோடு வரிசையாக நிற்கச் சொன்னார்.

"ஒங்க பயலுக பந்தடிக்க நாங்க வேலியா, அண்ணே?" என்றாள் வீரம்மா. "பந்து வந்தா கூடையில போட்டுக் கங்காணிகிட்ட நிறுத்துக் குடுத்துருவேன்."

"கொஞ்ச நாளைக்கு நில்லு தங்கச்சி. அப்புறம் வேலி வேணாம்."

முதலில் பந்தே இல்லாமல் அவரவர் இடத்துக்கு ஓட்டம். பிறகு பந்தைக் கீழ்ப்பக்கம் மட்டுமே தட்ட வேண்டும். மேலே தட்டினவன் வெளியே. கடைசிக் கொஞ்ச நேரம்தான் ஆட்டம். வரிசையில் நின்ற மதலேனாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. நாளாக நாளாகச் சிரிப்பை மறந்து ஆட்டத்தையே பார்த்தாள். பந்து பெண்களின் கால்வரை வருவதே குறைந்தது. பற்றிக் முன்னாலேயே மடக்கிக்கொண்டான். பையன்கள் எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல நகர்ந்தார்கள். கவ்வாத்துக் கத்தியைத் தவிர வேறொன்றும் பிடித்தறியாத தன் புருஷன் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

திருநாளன்று, ஆட்டம் முடியும் நேரத்தில் இரு பக்கமும் சமமாக நின்றன. நடுவில் நின்ற தோட்டத்துப் பையன் தலையைத் திருப்பாமலே வலப்பக்கம் தட்டினான். அங்கே கூடையும் இல்லை, வேலியும் இல்லை. ஓரத்தில் நின்ற மதலேனா, பந்தைத் தடுப்பவள்போல, தன்னையறியாமல் கால்களை ஒட்டிவைத்துக்கொண்டாள். பந்து புல்லில் உருண்டு, யாரும் தடுக்காமல், பற்றிக்கின் முன்னால் தானாகவே நின்றது. தோட்டத்தில் ஒரு நாளும் அது அப்படி நின்றதில்லை. பற்றிக் உதைத்தான், வலை ஆடியது.

அடுத்த வருட அழைப்பை அங்கேயே வாயால் சொல்லிவிட்டார்கள். யாகப்பர் அதைச் சரியாகக் கேட்கவில்லை. கூட்டத்துக்குள் மதலேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.