ஈரப் புடவையின் மறுமுனை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து, சேற்றில் இறங்கிய கோழி தாளில் நடந்த மாதிரி இருக்கும். ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பது இன்றைக்கும் எனக்குக் குத்துமதிப்புதான். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நேரில் பேசச் சொன்னால் இந்த அளவுகூட வராது.

பையன் ஒரு மெஷின் வாங்கி அனுப்பியிருக்கிறான். துவைப்பதோடு விடாமல் காயவைத்தும் கொடுத்துவிடுகிறது. முதல் நாள் அதன் வட்டக் கதவைத் திறந்து என் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். இட்லிப் பானையைத் திறந்த மாதிரி சூடு இருந்தது. வாசனைதான் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் மழைக்காலத்துத் துணிக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் சாம்பிராணி, கொஞ்சம் கரிப்புகை, அதற்கடியில் காயாத துணியின் முடை நாற்றம். அது நல்ல வாசனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது இல்லாத சட்டை யாரோ இன்னொருத்தர் சட்டை போல இருக்கிறது.

ஆரணியில் தறி போட்ட வீட்டில் துணி காயவைப்பது அவ்வளவு லேசான காரியமில்லை. வீட்டில் பாதியைத் தறி எடுத்துக்கொள்ளும். தறிக்கு மேலே கொடி கட்டக்கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் பட்டில் வட்டமாகத் தடம் விழுந்துவிடும். காலையில் தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டியிருந்தால் வாசல் பக்கமும் ஈரத்துணியோடு போக முடியாது. ஜட்டி ஒன்றை உதறினாலும் நான்கு வீட்டிலிருந்து சத்தம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். அண்ணன் குழந்தையின் துணிகளை, கரித்தணல் சட்டிமேல் கவிழ்த்த மூங்கில் கூடையில் பரப்பி, சாம்பிராணி தூவி அண்ணி காயவைப்பார். அதில் மிஞ்சிய இடம்தான் பெரியவர்களுக்கு. நான் ஈரப் பனியனை சைக்கிள் ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுவேன். பாதி காய்ந்து வரும், மீதியில் சேறு தெறித்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்படி ஒரு ஐப்பசியில்தான் எனக்குப் பெண் பார்க்கப் பெரணமல்லூர் போக நாள் குறித்தார்கள். அதற்கு முன்பு இரண்டு இடத்தில் பார்த்தாகிவிட்டது. இரண்டு இடத்திலும் ஒரே பதில்தான் வந்தது. "பையன் பேசவே மாட்றாராமே." உண்மைதான். முதல் வீட்டில் பேரைக் கேட்டதற்கு நான் அண்ணனைப் பார்த்தேன். இந்த இடமும் கைவிட்டுப் போனால் இனிமேல் தான் பெண் தேடப்போவதில்லை என்று அண்ணன் சொல்லிவிட்டார். எனக்கும் ஆசை இருந்தது. அதை யாரிடம் சொல்வது?

என்னிடம் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. முதல் நாளே அண்ணி துவைத்துவிட்டார், மழை விடவில்லை. காலையில் வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. எங்கள் கொடி முழுக்கக் குழந்தைத் துணி. பக்கத்து வீட்டில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற மாமா அப்போதுதான் காய்ந்த நூல் சிட்டங்களை எடுத்துப்போயிருந்தார். தகரக் கொட்டகைக்கு வெளியே மூங்கில் கழி காலியாகக் கிடந்தது. அண்ணி கையால் தடவிப் பார்த்தார், ஈரமில்லை. முதுகுப் பக்கம் கழியில் படும்படி சட்டையை மடித்துப் போட்டுவிட்டார்.

கழி மேலே காய்ந்திருந்ததே தவிர, அதன் விரிசலில் இறங்கிய சாயம் அப்படியே இருந்திருக்கிறது. ஈரச் சட்டை பட்டதும் சாயம் ஊறி ஏறிவிட்டது. எடுத்துப் பார்த்தால் முதுகின் குறுக்கே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, கை அகலத்துக்கு அரக்குச் சிவப்பில் ஒரு கோடு. சாய மாமா வந்து பார்த்துவிட்டு, "கேட்டுகினு போடக்கூடாதாம்மா? பார்டர் மட்டும் வந்துகீது. முந்தானியும் சேத்துப் போட்டுக் குடுத்துடட்டா?" என்றார். அண்ணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அண்ணன் சட்டையில் என்னைப்போல் இரண்டு பேர் நுழையலாம். பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.

"தம்பி, முன்னால ஒண்ணும் தெரியல. முதுவ மட்டும் காட்டாத. அவ்ளோதான், ஜல்தி கெளம்பு" என்றார் அண்ணி.

முதுகைக் காட்டாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று முயன்று பார்த்தால்தான் தெரியும். பெண் வீட்டில் கைகால் கழுவக் கொல்லைப்பக்கம் போகச் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். நாற்காலியில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன். சாமி படத்தைக் கும்பிடச் சொன்னபோது உட்கார்ந்தபடியே கும்பிட்டேன். பெண் காபி கொண்டுவந்தாள். நான் டம்ளரைத்தான் பார்த்தேன். பெண்ணின் அப்பாவும் தறிக்காரர். "எந்த ஊருல வாங்குன ஜரிகை?", "இப்ப கூலி இன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாவற்றுக்கும் அண்ணன்தான் பதில் சொன்னார். அண்ணி என்னைப் பார்த்து முறைத்தார். முதுகு ஞாபகத்தில் எனக்கு வாய் சுத்தமாக அடைத்துவிட்டது.

கிளம்பும்போது எல்லோரும் வாசல்வரை வந்தார்கள். நான் அவர்களைப் பார்த்துக் கும்பிட்டபடியே பின்பக்கமாக நடந்தேன். இரண்டு எட்டு, மூன்று எட்டு. அந்த முற்றத்தில் கொடியில் ஒரு ஈரப் புடவை தொங்கியதை நான் எங்கே கண்டேன்? குளிர்ந்த துணி பின்னாலிருந்து வந்து என் தலையை மூடிக்கொண்டது. விடுவித்துக்கொள்ளச் சுற்றினேன், அது இன்னும் சுற்றியது. கொடி அறுந்து, புடவையும் நானும் சேற்றில் விழுந்தோம். எழுந்து பார்த்தால் என் முதுகு அந்தக் குடும்பம் மொத்தத்துக்கும் நேராக இருந்தது.

பெண்ணின் அப்பா சொன்னார், "நானும் வந்ததுலேர்ந்து பாக்கறேன், கோயில்ல சாமிக்கு முதுவு காட்டாத மாதிரியே நிக்கறாரேன்னு. விசயம் இதுதானா?"

ஒரே சிரிப்பு. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குத் தெருவில் இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் கையில் அவர்கள் வீட்டுப் புடவை. அதைப் போட்டுவிட்டு எப்படி ஓடுவது? தொட்டித் தண்ணீரில் முக்கி அலச ஆரம்பித்தேன். அப்போது அந்தப் பெண் இறங்கி வந்து ஒரு முனையை எடுத்துக்கொண்டாள்.

"அந்த முனைய இழுத்துப் புடிங்க."

பிடித்தேன். அவள் ஒரு பக்கம் முறுக்கினாள், நான் எதிர்ப்பக்கம் முறுக்கினேன். தண்ணீர் என் கால்மேல் கொட்டியது.

"இன்னும் கொஞ்சம். பயப்படாதீங்க, கிழியாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "சாயக் கழியா?" என்றாள்.

"ஆமாங்க."

"அரக்கு நல்லாத்தான் புடிச்சிகீது."

"பட்டுச் சாயங்க அது. பருத்தில நிக்காது. நாலு தடவ தொவச்சா போயிடும்" என்றேன். ஒரு பெண்ணிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அண்ணி வாயைத் திறந்தபடி நின்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணன், "போச்சு" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. ஆனால் அந்த வாரமே சம்மதம் என்று ஆள் வந்தது. கல்யாணமாகி வெகுநாள் கழித்து, எதைப் பார்த்துச் சரி என்றாய் என்று கேட்டேன். "புடின்னா புடிச்சீங்க. எங்க அண்ணனுங்க மூணு பேர்ல ஒருத்தன்கூட புடிச்சதில்ல" என்றாள்.

அதற்கப்புறம் நாங்கள் குடிபோன வீட்டில், துணி துவைக்கும் நாளெல்லாம் மாடியிலிருந்து குரல் வரும். "ஏங்க, வாங்க." தறியை விட்டுவிட்டுப் போவேன். ஆளுக்கொரு முனை. முறுக்கி, உதறி, கொடியில் போட்டு, சாயங்காலம் காய்ந்ததை மறுபடி இருவரும் பிடித்து, நடந்து வந்து முனைகளைச் சேர்த்து, திரும்பிப் போய், மறுபடி வந்து மடிப்போம். ஒரு புடவை மடிப்பதற்குள் ஊர்க் கதையெல்லாம் பேசிவிடலாம். எதிரே அவ்வளவு தூரத்தில் ஆள் நின்றால் எனக்குப் பேச்சு வருகிறது என்பதை அங்கேதான் கண்டுபிடித்தேன். வீட்டில் சண்டை என்றாலும் புடவை ஈரமாக இருந்தால் கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும்?

அந்தச் சட்டையின் கோடு நான் சொன்னபடியே துவைக்கத் துவைக்க வெளுத்தது. அரக்கு ரோஸாகி, ரோஸ் ஒன்றுமில்லாமல் ஆயிற்று. எனக்கு நிம்மதி. அவள்தான், "இன்னும் கொஞ்ச நாள் இருந்துருக்கலாம்" என்றாள்.

இப்போது மெஷினிலிருந்து புடவை காய்ந்தே வருகிறது. அவளுக்கு முட்டிவலி, மாடிப்படி ஏறும் வேலை மிச்சம். அதில் எனக்குச் சந்தோஷம்தான். சற்றுமுன் பார்த்தேன். புடவையின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டு, மறுமுனையிலிருந்து தனியாக மடித்துக்கொண்டு வந்தாள்.

"நான் புடிக்கட்டா?" என்றேன்.

"இன்னாத்தையோ எழுதிகினு கீறீங்களே, எழுதுங்க" என்றாள்.

ஜன்னல் கம்பி என்னைவிட நன்றாகத்தான் பிடிக்கிறது. இன்னும் கொஞ்சம் இழுங்க என்று அதனிடம் சொல்லவேண்டியதில்லை. ஒரு ஊர்க் கதைக்கும் நேரமில்லாமல் மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஐப்பசி பதினான்கு, வியாழக்கிழமை. வெளியே நல்ல மழை.