முதல் ஆளாகப் போட்ட கையெழுத்து

இரண்டு வருடத்துக்கு முன்னால், எங்கள் ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கிற மாதத்தில் நடந்தது இது. என் குறையை என் வாயால் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் முதலில் என் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். வெள்ளக்கடைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மிளகு மூட்டை தூக்கியவன். இன்று எனக்குச் சொந்தக் காப்பித் தோட்டம், இரண்டு ஜீப், தொழுவத்தில் முப்பது மாடு. காதைத் தொட்டுப் பார்த்தே மாட்டுக்குக் காய்ச்சலா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அதனால்தான், கால்நடை டாக்டர்கள் மேல் வரும் புகார்களை விசாரிக்கிற குழுவுக்கு, டாக்டர் அல்லாத ஒருவர் வேண்டுமென்று தேடியபோது என்னைப் போட்டார்கள். தவறு செய்த டாக்டரின் உரிமத்தை நிறுத்தி வைக்கக்கூட அந்தக் குழு சொல்லலாம். நாங்கள் ஐந்து பேர். நான்கு பேருக்குப் பெயருக்குப் பின்னால் பட்டம். எனக்குப் பெயருக்கு முன்னால் 'திரு' மட்டும்.

கூட்டம் சேலத்தில் நடக்கும். ஒவ்வொரு விசாரணைக்கு முன்பும் குமாஸ்தா ஒரு தாளை நீட்டுவார். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், உதடு அசையும். நான்கு படித்தவர்கள் முன்னால் உதட்டை அசைக்க மனம் வராது. அதனால் தாள் கைக்கு வந்ததும் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். "அய்யா எப்பவுமே ஃபாஸ்ட்டுங்க" என்பார் குமாஸ்தா. எனக்கு நெஞ்சு நிமிரும். அதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "கேஸ்ல நமக்கு வேண்டியவங்க இருக்காங்களான்னு கேக்குதுங்க" என்றார். எந்தக் கேஸிலும் எனக்கு வேண்டியவர்கள் யாரும் இருந்ததில்லை.

அந்த மாதம் வந்த புகார் தலைச்சோலையிலிருந்து. ஒரு பெண்ணின் கறவை மாடு கன்று போட்ட மறுநாள் எழ முடியாமல் படுத்துவிட்டது. டாக்டருக்குப் போன் போட்டிருக்கிறாள். அவர் வராமல், டாக்டருக்குப் படிக்காத தன் உதவியாளிடம் கால்சியம் பாட்டிலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மெதுவாக ஏற்ற வேண்டியதை அந்த ஆள் அவசரமாக நரம்பில் ஏற்ற, மாடு அங்கேயே செத்துவிட்டது. வழியில் மரம் விழுந்து கிடந்தது, வண்டி போகவில்லை என்பது டாக்டரின் பதில்.

அந்த டாக்டரை எனக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் தொழுவத்துக்கு வந்தபோது, மாட்டுக்கு என்ன நோய் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். என் வேலையாட்கள் அத்தனை பேர் நிற்கிறார்கள். "மூணாங்கிளாஸ் படிச்சுட்டு எனக்கு வைத்தியம் சொல்லித் தர்றீங்களா?" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். அன்றோடு அவரை நிறுத்தினேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட.

முதல் நாள் விசாரணைக்கு முன்பும் வழக்கம்போல முதல் ஆளாகத் தாளில் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் பாதிதான் பேசியிருப்பார். "உரிமத்த நிறுத்தோணுமுங்க" என்று நான் சொல்லிவிட்டேன். குழுத் தலைவர் ஓய்வு பெற்ற பேராசிரியை. "கொஞ்சம் பொறுங்க, முடிவு அடுத்த கூட்டத்துல" என்றார். நியாயத்தைப் பட்டென்று பேசிவிட்டேன் என்ற திருப்தியோடு பஸ் ஏறினேன். அன்று ஒரு ஜீப் மெக்கானிக்கிடம், இன்னொன்று தோட்ட வேலையில்.

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் புகார் கொடுத்த அந்தப் பெண். திரும்பிப் பார்த்து ஒரு கொய்யாப்பழத்தை நீட்டினாள்.

"ஏனுங்ணா, நீங்க அங்க இருக்கறது தெரிஞ்சுதானுங்ணா மனுவே போட்டேன்."

"நான் இருந்தா என்னம்மா?"

"உங்களுக்கும் அந்த டாக்டருக்கும் ஆகாதுன்னு மலைக்கே தெரியுமுங்ளே. உங்க தொழுவத்துல அவரு பேசுனப்ப என்ற ஊட்டுக்காரரு அங்கதான் வேல செஞ்சாரு. அன்னைக்கு நீங்க மூஞ்சிய வெச்சிருந்தத இன்னிக்கும் நடிச்சுக் காட்டுவாருங்க."

பக்கத்திலிருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"அவருக்கு ஆகாதவரு அங்க உக்காந்திருக்கறப்ப நமக்கென்ன பயம், போடு மனுவன்னு சொன்னதே என்ற ஊட்டுக்காரருதானுங்ணா. நொம்ப நன்றிங்க."

இவள் திட்டியிருந்தால் தேவலை. நன்றி சொல்கிறாள். பழம் கையில் இருந்தது, தின்ன முடியவில்லை. மலைப்பாதையின் இருபது வளைவும் ஏறி முடிக்கும்வரை அதைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூட்டத்துக்குப் பதினைந்து நாள். அந்தப் பதினைந்து நாளும் நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை. களத்தில் காயும் காப்பிக் கொட்டையைக் கிளறுவேன், தொழுவத்துக்குப் போவேன், திரும்பி வந்து கிளறியதையே மறுபடி கிளறுவேன். "கொட்டைக்கே தலை சுத்துதுங்க" என்று வேலைக்காரப் பெண்கள் சிரித்தார்கள். "உக்காந்தா எந்திரிக்கறீங்க, எந்திரிச்சா உக்கார்றீங்க. செத்தது அவங்க ஊட்டு மாடா, நம்மூட்டு மாடா?" என்றாள் மனைவி.

டாக்டர் தப்புச் செய்தவர்தானே, அப்புறம் எனக்கென்ன என்று காலையில் நினைப்பேன். அவர் பேசி முடிக்கும் முன்பே நீ எப்படி முடிவு செய்தாய் என்று மத்தியானம் தோன்றும். ஒரு நாள், குழுவில் கொடுத்தனுப்பியிருந்த கேஸ் காகிதங்களோடு மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து, நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளின் நகலை உதட்டை அசைத்து அசைத்துப் படித்தேன். உறவு உண்டா, நட்பு உண்டா, தொழில் தொடர்பு உண்டா என்று கேட்டிருந்தது. நான்காவதாக, பகை உண்டா என்றும் கேட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து 'இல்லை' என்பதன் கீழே என் கையெழுத்து.

இரண்டாவது கூட்டத்தில் கதவைச் சாத்தியதும் எழுந்து நின்றேன். தொழுவத்தில் நடந்ததைச் சொன்னேன். பஸ்ஸில் அந்தப் பெண் பேசியதையும் சொன்னேன்.

"இதை ஏன் போன தடவையே எழுதித் தரலை?" என்றார் தலைவர்.

"படிக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேனுங்க."

நான் சொன்னதைக் குமாஸ்தா எழுதிக்கொண்டார். இரண்டு தரப்புக்கும் தெரிய வேண்டும் என்று டாக்டரையும் அந்தப் பெண்ணையும் உள்ளே கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார் தலைவர். மூணாங்கிளாஸ் என்ற வார்த்தையும் அதில் இருந்தது. ஒளித்து வைத்திருந்ததை இப்படிச் சபையில் கேட்கும்போது காது சுட்டது. டாக்டர் என்னையே பார்த்தார். "நான் அப்படியா சொன்னேனுங்க? சத்தியமா எனக்கு ஞாபகமே இல்லீங்களே" என்றார். அவர் பொய் சொன்னதாகத் தெரியவில்லை. அந்தப் பகையை இத்தனை வருடம் நான் மட்டுமே தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறேன்.

விசாரணையை என்னை விட்டுவிட்டு முதலிலிருந்து நடத்துவது என்று முடிவானது. நான் வெளியே வந்தேன். பின்னாலேயே அந்தப் பெண்ணும் வந்தாள்.

"உங்கள நம்பித்தானுங்ணா வந்தோம். இப்படி நடுவுல எந்திரிச்சு வந்துட்டீங்களே. எனக்கு இருந்தது அந்த ஒரு மாடுதானுங்க."

"உன்ற பக்கம் நாயம் இருந்தா நான் இல்லாமயே நிக்கும் கண்ணு" என்றேன். அது நிற்குமா என்று எனக்கே தெரியவில்லை. அவள் நம்பாமல் போய்விட்டாள். அடுத்த பல வாரம், தலைச்சோலை வழியாகப் போகவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

காப்பிப் பூ பூத்த சமயத்தில் முடிவு வந்தது. அன்று அந்த ரோட்டில் பஸ் ஓடியிருக்கிறது, மரம் விழவேயில்லை என்று மற்றவர்கள் விசாரித்துக் கண்டுபிடித்திருந்தார்கள். டாக்டருக்கு ஆறு மாதம் உரிமம் நிறுத்தம். நான் உட்கார்ந்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். அப்படியானால் எதற்கு இத்தனை அவமானம் என்று எனக்கு ஒரு பக்கம் ஆத்திரமாகக்கூட இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் அந்த டாக்டர் ஸ்கூட்டரில் என் தோட்டத்துக்கு வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை.

"நீங்க இருந்து இந்த முடிவு வந்திருந்தா, பழைய கோவத்துல பண்ணிட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பேனுங்க. நானும் அதையே நம்பியிருப்பேன்" என்றார். "இப்ப என்னைத் தவிர யாரையும் குத்தம் சொல்ல வழியில்லைங்க."

காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். "இன்னொரு நாள்" என்று கிளம்பிவிட்டார்.

நான் இன்றும் அந்தக் குழுவில் இருக்கிறேன். தாள் வந்தால் உதட்டை அசைத்து, ஒரு வரி விடாமல் படித்து, கடைசி ஆளாகத்தான் கொடுக்கிறேன். அய்யாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று குமாஸ்தா நினைக்கிறார், நானும் அப்படியே விட்டுவிட்டேன். இந்தக் கேஸில் யார் தோற்க வேண்டும் என்று என் மனசு ஆசைப்படுகிறது என்று என்னையே கேட்டு, உண்மையான பதில் வரும்வரை காத்திருக்க எனக்கு அவ்வளவு நேரம் பிடிக்கிறது.