சாமி லைட்டுக்கு இழுத்த வயர்

நம்பினா நம்புங்க, இல்லாட்டி சிரிச்சிட்டுப் போங்க. பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா, மொதல்ல பெட்டரிய செக் பண்ணுங்கன்னு கிண்டல் பண்ற ஆளு நான். கோலா பிலா டவுன்ல பத்தொன்பது வருஷமா காடி ஒயரிங், அதான் கார் வயர் வேலை, கரண்ட் போற வழி தெரிஞ்சா எல்லாத்துக்கும் காரணம் தெரிஞ்சிரும்னு நெனச்சிக்கிட்டு இருந்தவன்.

மாரிமுத்து அண்ணன் இருபது கிலோமீட்டர் தள்ளி எண்ணெய் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்துல ஆளுங்கள வேலை வாங்குற மண்டோரு. அவரு சம்சாரம் ராஜம்மா அக்கா, அவங்க பழைய காடில முன்னால இருக்கிற பிள்ளையாருக்கு ஒரு சின்ன லைட் வேணும், சாவி போட்டதும் எரியணும்னு கேட்டாங்க. நம்ம ஆளுங்க காடில இது சாதாரணம்தானே. ஃபியூஸ் பெட்டிலேருந்து தனியா வயர் இழுக்கணும், அதான் முறை. அன்னிக்கி எனக்குச் சோம்பல். சாவியோட கரண்ட் வர்ற வயர் ஒன்னு கைக்கு எட்டுச்சு, டேங்கிலேருந்து பெட்ரோல எஞ்சினுக்குத் தள்ற பம்புக்குப் போற வயர். அதோட தோலச் சீவி, சாமி லைட் வயர முறுக்கி, டேப் சுத்தி மூடிட்டேன். யாரும் பாக்கல. அக்கா அந்த லைட்டப் பாத்து கும்பிட்டாங்க, அத நெனச்சா இப்பவும் எனக்குக் கூசுது.

ரெண்டு மாசம் கழிச்சு, சூடானா காடி நின்னுபோகுதுன்னு அண்ணன் கொண்டாந்தாரு. பம்பு நல்லாருக்கு, ரிலே நல்லாருக்கு, ஃபியூஸும் நல்லாருக்கு. அப்புறம் மிச்சம் இருந்தது நான் முறுக்குன இடம்தான், தெரியும் எனக்கு. ஆனா தீபாவளி நேரம், வாசல்ல ஆறு காடி நிக்குது, அதப் பிரிச்சா அரை நாள் போயிரும். வயர ஒரு ஆட்டு ஆட்டுனேன், பம்பு ஓடுச்சு. "ஒன்னுமில்லண்ணே, ஓட்டுங்க லா"ன்னு அனுப்பிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், மூனு மணி இருக்கும், நல்ல வெயில். ஒரு வேனுக்கு அடில மல்லாந்து படுத்து வேலை பாத்துக்கிட்டு இருக்கேன், ரெண்டு கால் வந்து பக்கத்துல நின்னுச்சு. செருப்பு இல்ல, விரல்ல மெட்டி, பாதமெல்லாம் செம்மண்ணு.

"தம்பி, அந்த சாமி லைட்ட வெட்டி விட்ருப்பா. அதுதான் காடிய நிப்பாட்டுது."

ராஜம்மா அக்கா குரல்தான். எனக்குச் சுருக்குன்னுச்சு, இது எனக்கு மட்டும்தானே தெரியும், இவங்களுக்கு எப்படி? முகத்தப் பாக்க வெக்கம், அப்படியே படுத்துக்கிட்டே சொன்னேன்: "நாளைக்குப் பாக்குறேங்க்கா."

கொஞ்ச நேரம் கழிச்சு வெளிய வந்தா ஆளக் காணோம். எதிர்க் கடைக்காரன்கிட்ட கேட்டா, யாரும் வரலியேங்கிறான்.

பொழுது சாயறப்பதான் தோட்டத்துலேருந்து போன் வந்துச்சு. அக்காவுக்கு நெஞ்சு வலி, அண்ணன் பின் சீட்ல படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பியிருக்காரு, செம்பனைக்கு நடுவுல காடி நின்னுபோச்சு. போன் லைனும் இல்ல. அவரு பெரிய ரோட்டுக்கு ஓடி ஒரு லோரியக் கூட்டிக்கிட்டு வந்திருக்காரு, ஆஸ்பத்திரி வாசல்ல அக்கா போயிட்டாங்க. காடி நின்னது மூனு மணிக்கு.

அந்தக் காடிய நான்தான் இழுத்துட்டு வந்தேன். முறுக்குன இடம் கருகிக் கெடந்துச்சு. கமுக்கமா வெட்டி எறிஞ்சிட்டு, ரிலே போச்சுண்ணேன்னு பொய் சொன்னேன். மனுஷன் என் கையப் புடிச்சிக்கிட்டு நன்றி சொன்னாரு, செருப்பால அடிச்சிருந்தாகூடத் தேவலாம்.

ஒரு வருஷம் சரியாச் சாப்பிடல, தூங்கல. வருஷத் திதிக்குக் கூப்பிட அண்ணன் வந்தப்ப அடக்க முடியாம உண்மையச் சொல்லிட்டேன், வயர் விஷயம் மட்டும். அந்தக் கால் வந்தத சொல்லல. அத நான் அதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதே இல்ல, சத்தியமா.

அண்ணன் திட்டல.

"லோரில என் மடில படுத்துக்கிட்டு என்னமோ பொலம்புனா தம்பி. வலில ஒளறுறான்னு நெனச்சேன்."

"என்னண்ணே சொன்னாங்க?"

"தம்பிகிட்ட சொல்லிட்டேங்க, நாளைக்குப் பாக்குறேன்னுட்டான். வெளிய வந்து என் மொகத்தக்கூடப் பாக்கல, அப்படின்னா."